உங்கள் இருக்கை தயார்

கணவர் அவளுக்கு வைத்த பெயர் கொக்கி. கல்யாணமான புதிதில் வைத்த செல்லப் பெயர் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, ரயில் டிக்கெட் எடுக்க இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தது. பயணியின் பெயர் கேட்ட கட்டத்தில் அவள் பெயரை எழுதவில்லை. குட்டியாக வளைந்து மேலே தொங்குமே, அந்த ஒற்றை மேற்கோள் குறியை ஒரே ஒரு தடவை தட்டி அனுப்பினாள்.

"டிக்கெட் எடுக்கச் சொன்னா கொக்கி போட்டுட்டு உக்காந்திருக்கியே?"

"இருங்க, தாங்குதான்னு பாக்கறேன்."

"அது தாங்கும். டிக்கெட் தீந்துடும்."

இரண்டும் நடந்தது. அன்றிலிருந்து அவள் கொக்கி.

இது அவளுடைய தொழில் புத்தி. நாற்பத்து நாலு வயது, முப்பத்தெட்டு இணையதளங்கள். பல் டாக்டர், நூலகம், நீச்சல் பள்ளி, செருப்புக் கடை, இசை வகுப்பு என்று சின்னச் சின்ன இடங்களின் தளங்களை எல்லாம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்கிறாள். எந்தக் கட்டத்தைக் கண்டாலும் அவள் விரல் சும்மா இருக்காது. ஒரு தடவை பிறந்தநாள் கேக் ஆர்டர் செய்யும்போது "கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயர்" என்ற கட்டத்தில் கொக்கியைப் போட்டாள். தளம் திணறிப்போய், தரவுத்தளத்தின் உள்விவகாரத்தை எல்லாம் திரையில் கொட்டிவிட்டது. உடனே பேக்கரிக்காரருக்குப் போன் செய்தாள். அவர், கேக் சரியில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என நினைத்து, மன்னிப்புக் கேட்டு இன்னொரு கேக்கும் அனுப்பிவைத்தார். ஓட்டையையும் மறுநாளே அடைத்தார். இரண்டு கேக்கையும் கணவர் ஒருவராகவே தீர்த்தார் என்பது வேறு விஷயம்.

அந்தக் கொக்கியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு குமாஸ்தாவைக் காட்டுவாள். நீங்கள் ஒரு சீட்டில் பெயரை எழுதி ஜன்னல் வழியாகக் கொடுக்கிறீர்கள். உள்ளே இருக்கும் குமாஸ்தா நல்லவர்தான், ஆனால் சீட்டில் எது எழுதியிருந்தாலும் மேலிடத்து உத்தரவு என்று நம்பிவிடுவார். பெயருக்குப் பின்னால் "அப்படியே பீரோவில் இருக்கும் பதிவேட்டையும் கொடு" என்று ஒருவன் எழுதிவைத்தால், பதிவேடு ஜன்னலுக்கு வந்துவிடும். பெயர் இத்தோடு முடிந்தது, இனி உத்தரவு என்று அவரை நம்பவைப்பது அந்தக் குட்டிக் கொக்கிதான். நன்றாக எழுதிய நிரல் என்ன செய்யும்? சீட்டைத் தனி உறையில் போட்டு, "இதில் என்ன இருந்தாலும் அது வெறும் பெயர்" என்று சொல்லிக் கொடுக்கும். அவ்வளவுதான் வித்தை.

சிக்கல் என்னவென்றால், முப்பத்தெட்டுத் தளங்களிலும் அவள் எழுதிய நிரல் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ப்ளகின். காலண்டர் வேண்டுமா, அதற்கொரு ப்ளகின். படங்கள் ஓட வேண்டுமா, அதற்கொன்று. முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதி வைத்ததை எடுத்து வந்து தளத்தில் சொருகிக்கொள்வது. எழுதினவன் உறையில் போட்டானா, போடவில்லையா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். அதனால் அவள் இரண்டு விதிகள் வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை, உலகமே இடிந்தாலும், எல்லா ப்ளகினுக்கும் புதிய பதிப்பு போட வேண்டும். இன்னொன்று: பிறர் எழுதிய ப்ளகினில் கை வைக்கவே கூடாது. கை வைத்தால், அடுத்த அப்டேட் வந்து நாம் செய்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் போய்விடும்.

இந்த இரண்டாவது விதியை அவள் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள். அவளேதான் அதை மீறவும் செய்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

பத்து நிமிட நடையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மனநல ஆலோசனை மையம் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு வரவேற்பு மேசை, வெளியே பெயர்ப்பலகைகூடச் சின்னதுதான். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல வருகிறவர்கள், போன் செய்து பெயர் சொல்லக்கூட விரும்பமாட்டார்கள் என்பதால், எல்லாப் பதிவும் இணையத்தில். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர், நேரம், "எதற்காக வருகிறீர்கள்" என்ற கட்டத்தில் அவர்கள் எழுதிய ஓரிரு வரி, எல்லாம் அங்கேதான். மையத்தை நடத்தும் டாக்டரம்மா முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டார்: இந்தத் தளம் யார் கையில் இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது. கொக்கி வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை. பட்டியலில் ஒரு பெயரையும் படித்ததில்லை. எண்ணிக்கை பார்ப்பாள், அளவு பார்ப்பாள், பெயர் பார்க்கமாட்டாள். அதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மறுநாள் சந்திப்பு இருப்பவர்களுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி போகும். பதிவு ப்ளகின் தானாகவே அனுப்புவது. அதில் மையத்தின் முழுப் பெயரும் கொட்டை எழுத்தில் வரும். ஒரு பெண்ணின் போனில் அந்தச் செய்தியை அவளுடைய மாமியார் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் மையத்துப் பக்கமே வரவில்லை.

"பேர் வராம பண்ண முடியுமாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"நாளைக்கே பண்ணிடலாம் மேடம்."

ஒழுங்காகச் செய்தால் அரை நாள் வேலை. செய்தி வெளியே போகும் வாசலில் தனியாக ஒரு சின்ன நிரலை நிறுத்தி, வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அன்று மணி நாலாகியிருந்தது. ஐந்து மணிக்கு அடுத்த செய்திகள் மையத்தின் பெயரோடு போய்விடும். இன்னொரு மாமியார், இன்னொரு வீடு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ப்ளகினைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு வரியை அழித்து, தன் வரியை எழுதினாள்: "நாளை" என்று தொடங்கி, நேரம் வந்து, பிறகு "உங்கள் இருக்கை தயார்." பார்க்கிறவர்கள் பஸ் என்று நினைக்கட்டும், நூலகம் என்று நினைக்கட்டும், முடிவெட்டும் கடை என்றுகூட நினைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று, இந்த ஒரு ப்ளகினுக்கு மட்டும் அப்டேட் வராமல் பூட்டுப் போட்டாள்.

அந்த நாளை வரவே இல்லை. பட்டியலில் மஞ்சள் நிறத்தில் "புதிய பதிப்பு உள்ளது" என்று ஒவ்வொரு வியாழனும் அந்த ப்ளகின் கையைத் தூக்கும். "உன்னைத் தெரியும், சும்மா இரு" என்று தாண்டிப் போவாள். போகப் போகக் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

இந்த வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு, பாதுகாப்பு அறிவிப்புகள் வரும் பக்கத்தில் அதே ப்ளகினின் பெயரைப் பார்த்தாள். காலண்டரில் மாதத்தைக் கேட்கும் இடத்தில், வந்ததை உறையில் போடாமல் அப்படியே தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் ஓட்டை. ஏழு மாதம் முன்பே சரிசெய்துவிட்டார்கள். அப்டேட் போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று கடைசி வரி.

அவள் போட்டிருக்கவில்லை. மையத்தின் தளத்தைத் திறந்தாள். ஒரு பெயரும் வெளியே வராத கேள்வியாகப் பார்த்து, காலண்டரின் மாதத்தோடு சேர்த்து அனுப்பினாள்: ஐந்து விநாடி தூங்கு. உறையில் போட்டிருந்தால் இது வெறும் தப்பான மாதம், பக்கம் உடனே வந்துவிடும். இல்லாவிட்டால் தரவுத்தளம் சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்கும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. பக்கம் வந்தது.

முதலில் கதவைச் சாத்தினாள். பதிவுப் பக்கத்தை நிறுத்தி, "சிறிது நேரத்தில் திரும்பி வாருங்கள்" என்ற பலகையை மாட்டினாள். பிறகு வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, ஏழு மாதத்தையும் சல்லடை போட்டாள். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று தளம் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருக்கும். பக்கம் வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். ஐந்து விநாடி எடுத்த வரிகள் எங்கே என்று தேடினாள்.

இருந்தன. செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு ஒரே ஒரு வரி. புதன்கிழமை அதே நாலு நாற்பதுக்கு வரிசையாக நூற்றுக்கும் மேல். மனிதன் இல்லை, யாரோ ஏவிவிட்ட நிரல். முதல் எழுத்து இதுவா, ஆமென்றால் தூங்கு. இரண்டாவது எழுத்து அதுவா, ஆமென்றால் தூங்கு. இப்படி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு, பட்டியலின் தலைப்பை மட்டும் தெரிந்துகொண்டு போயிருந்தது. செவ்வாயன்று கதவு திறக்குமா என்று பார்த்தாயிற்று. புதனன்று பீரோ எங்கே என்று பார்த்தாயிற்று. பீரோவை இன்னும் திறக்கவில்லை. இன்றைக்கு வியாழன்.

இப்போது அப்டேட் போடுவது இரண்டு நிமிட வேலை. போட்டால் ஓட்டை அடைபடும், கூடவே அவள் எழுதிய வரியும் போய்விடும். ஐந்து மணிக்கு நாளைய ஆட்கள் இருபத்து மூன்று பேருக்கும் மையத்தின் பெயர் கொட்டை எழுத்தில் போகும். செய்தியே போகாமல் நிறுத்தினால்? நினைவூட்டல் வராத நாளில் பாதிப் பேர் வருவதில்லை, தைரியத்தை ஒரு தடவைதான் திரட்ட முடிகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆக, ஐந்து மணிக்குள் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே இருந்தார். கொக்கி உட்காரவில்லை.

"மேடம், நம்ம தளத்துல ஓட்டை. என் தப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி அவசரத்துல நான் பண்ணின வேலை. வேற யாரையும் சொல்றதுக்கில்ல."

"யாராவது பட்டியலப் பாத்துட்டாங்களா?"

"இல்ல. ஏழு மாசத்தையும் பாத்துட்டேன். பட்டியலோட தலைப்பு வரைக்கும் வந்திருக்கான். ஒரு ஆளோட பேர்கூட வெளிய போகல. இப்போ கதவைச் சாத்தி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு மெசேஜ் எப்பவும் போலப் போகும். வேற யாரையாவது வெச்சு நான் செஞ்சத சரிபாக்கணும்னாலும் பாருங்க. அது நியாயம்தான்."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அந்தப் பட்டியலத் திறந்து பாத்தீங்களா?"

"நான் எப்பவுமே பாக்கறதில்ல மேடம். இன்னிக்கும் பாக்கல."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். தேவைக்கு மேல் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. கோபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் டாக்டரம்மா. "எப்பவும் அப்படியே இருங்க. போய் வேலையப் பாருங்க."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. இரண்டு வருடம் தள்ளிப்போட்ட அரை நாள் வேலையை அவள் மூன்று மணி நேரத்தில் முடித்தாள். கோபம் நல்ல உரம், அதுவும் தன் மேலேயே வந்த கோபம். வாக்கியத்தை மாற்றும் நிரலைத் தனியாக, பத்துப் பன்னிரண்டு வரியில், ப்ளகினின் ஒரு எழுத்தையும் தொடாமல் எழுதினாள். பழைய பதிப்பைத் தூக்கிப் போட்டுப் புதியதைச் சொருகினாள். பூட்டை நிரந்தரமாகக் கழற்றினாள். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். தன் போனுக்குச் சோதனைச் செய்தி அனுப்பினாள். மேசை அதிர்ந்தது. "நாளை காலை 9. உங்கள் இருக்கை தயார்." இன்னொன்று. "நாளை மாலை 3. உங்கள் இருக்கை தயார்." மையத்தின் பெயர் எங்கேயும் இல்லை. மறுபடியும் ஐந்து விநாடி தூங்கச் சொல்லிப் பார்த்தாள். ஒன்று என்று எண்ணுவதற்குள் பக்கம் வந்து நின்றது.

நாலேகாலுக்குக் கதவைத் திறந்தாள்.

நாலரைக்குக் கணவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். பை நிறைய ஸ்பேனர், வாய் நிறையக் கேலி. போன வருடம் அவரோடு வேலை பார்த்தவர் லிஃப்ட் குழியில் தவறி விழுந்து இறந்துபோனார். இவர் ஒரு வாரம் பேசவே இல்லை. பிறகு முன்னைவிட அதிகமாகவே சிரிக்கத் தொடங்கினார். பாவம் மனுஷன் தேறிவிட்டார் என்று அவளும் நிம்மதியாக இருந்தாள்.

"என்ன கொக்கி, மூஞ்சியப் பாத்தா இன்னிக்கு யாரையோ கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கே?"

"இன்னும் துப்பல. பத்து நிமிஷம் இருக்கு."

"அப்போ நான் இந்தப் பக்கம் வரல தாயே," என்று தன் போனை அவள் மேசையில் இருந்த சார்ஜரில் சொருகிவிட்டுக் குளிக்கப் போனார்.

நாலு நாற்பது. வருகைப் பதிவில் அந்த வரி விழுந்தது. பீரோவைத் திறக்க வந்தவன் நேற்று விட்ட இடத்திலிருந்து கேட்டான். பதில் உடனே போயிற்று: அப்படி ஒரு மாதம் இல்லை. இன்னொரு விதமாகக் கேட்டான். அப்படி ஒரு மாதம் இல்லை. நாற்பது தடவை, ஐம்பது தடவை. குமாஸ்தா அசையவில்லை. பிறகு வரிகள் நின்றன. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, "போடா, போய் வேற வேலை இருந்தா பாரு," என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஐந்து மணிக்குத் திரையில் எண்ணிக்கை ஏறியது. பத்து, பதினைந்து, இருபது, இருபத்து மூன்று. எல்லாம் போய்ச் சேர்ந்தது.

மேசை அதிர்ந்தது. சோதனைச் செய்திதான் இன்னொரு தடவை வந்துவிட்டது போலிருக்கிறது என்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிப் போனை எடுத்தாள். பார்த்தாள்.

"நாளை காலை 11. உங்கள் இருக்கை தயார்."

பதினொன்றுக்கு அவள் எதுவும் அனுப்பிப் பார்க்கவில்லையே என்று தோன்றியபோதுதான், போனின் பின்னால் சார்ஜர் ஒயர் தொங்குவதைக் கவனித்தாள். அது அவளுடைய போன் இல்லை.

உலகத்தில் யார் பார்த்தாலும் எதுவும் புரியாத வரி. அப்படித்தான் அதை எழுதினாள். அவள் ஒருத்திக்கு மட்டும் புரியும் என்று எழுதும்போது தோன்றவில்லை. ஒரு வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த மனுஷன் தானாகவே அந்த மாடிப்படியைத் தேடிக் கண்டுபிடித்து ஏறியிருக்கிறாரே என்பதுதான் மனதில் நின்றது. டாக்டரம்மா ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் இப்போது புரிந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. போனைத் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"என் போனா அடிச்சது?" துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"ஆமாங்க. என்னோடதுன்னு நெனச்சு எடுத்துட்டேன். என்னவோ இருக்கைன்னு வந்துது."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒரு நொடிதான். "பஸ் கம்பெனிக்காரன். எப்பவோ ஒரு தடவ டிக்கெட் போட்டேன், அதுலேர்ந்து உயிரை எடுக்கறான்."

பஸ்ஸில் அவர் போய் நாலு வருடம் இருக்கும். எந்தக் கட்டத்தைக் கண்டாலும் கொக்கியைப் போட்டுத் தாங்குகிறதா என்று பார்க்கிறவள், அந்தப் பதிலில் போட்டுப் பார்க்கவில்லை.

"இவனுங்களே இப்படித்தான்," என்றாள். "விடுங்க."

"நாளைக்கு வேலைக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் போவேன். வண்டிய சர்வீஸ் விடணும்." சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

அவளும் அவரைப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் நன்றாகவே இருந்தது.

"சர்வீஸ்காரன் பதினொண்ணுக்கு முன்னாடி திறக்கமாட்டான். நிதானமா சாப்பிட்டுட்டுப் போங்க. வர்றதுக்கு எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."